ஜீரோ பார்த்தேன், நாசிலைப் பார்க்கவில்லை

பெட்ரோல் பங்குக்குள் வண்டியை விடும்போது எனக்கு இருக்கும் ஒரே பயம் ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான். மீட்டரில் ஜீரோ வந்ததா, ஐந்நூறுக்குச் சொன்னால் இருநூறில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார்களா, கார்டா கேஷா என்று பேச்சுக் கொடுத்து நம் கண்ணை மீட்டரிலிருந்து எடுக்க வைக்கிறார்களா, இதையெல்லாம் இருபது வருஷமாகக் கவனித்துக் கவனித்து அதில் ஒரு கர்வமே வந்துவிட்டது. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், கலப்படம் என்று தோன்றினால் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார்க்கலாம், இரண்டும் நம் உரிமை என்று வீட்டு வாட்ஸப் குழுவில் பாடம் எடுத்தவன் நான். அப்படிப்பட்ட நான் போன வருஷம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பங்கில் ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஒழுங்காக ஜீரோ பார்த்து, என் டீசல் காரில் 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் வாங்கிக்கொண்டேன்.

கும்பகோணத்தில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் என்பதால் முதல் நாளே போய்விடலாம் என்று காலை ஆறு மணிக்கு தாம்பரத்தில் கிளம்பினோம். பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் அம்மா, டிக்கி முழுக்கச் சீர் சாமான். திண்டிவனம் தாண்டியதும் முள் கீழே இறங்கியிருந்தது, பங்கைப் பார்த்ததும் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் போன். எங்கே வந்திருக்கீங்க, வரும்போது பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கிட்டு வர முடியுமா, சீசன் இல்லாட்டி வேண்டாம் என்று அவர் பேசிக்கொண்டே போகிறார். போடும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஏதோ கேட்டது. நான் காதில் போனை வைத்தபடி தலையாட்டி, இரண்டு விரலைக் காட்டி, “ரெண்டாயிரத்துக்கு” என்றேன். “ஜீரோ பாத்துக்கோங்கண்ணா” என்றது. பார்த்தேன். அப்படிப் பார்த்தேன், கண் சிமிட்டாமல்.

என் மனைவி எந்தப் பங்கிலும் பில் கேட்டு வாங்குவாள். செலவுக் கணக்கு நோட்டு ஒன்று கிளவ் பாக்ஸில் எப்போதும் இருக்கும், அதில் எழுதினால்தான் அவளுக்குப் பயணம் பயணமாக இருக்கும். இத்தனை வருஷமும் அந்த நோட்டைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு நான் பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து, பங்கின் ஓரத்தில் காற்றடிக்கும் இடத்துக்குப் போய் நின்றேன். முன்னால் இரண்டு பைக்கும் ஒரு மினி வேனும். அம்மாவுக்கு வெயில் ஆகாது என்று ஏசியோடு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி பில்லைப் பார்த்து எழுத ஆரம்பித்தவள், “என்னங்க, எப்பவும் எச்.எஸ்.டி.ன்னு போட்டிருக்கும், இன்னிக்கு எம்.எஸ்.ன்னு இருக்கு? லிட்டரும் கம்மியா இருக்கு” என்றாள்.

எச்.எஸ்.டி. என்றால் ஹை ஸ்பீட் டீசல். எம்.எஸ். என்றால் மோட்டார் ஸ்பிரிட், அதாவது பெட்ரோல். அந்தப் பெயர்களை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன், அர்த்தம் தெரியும், ஆனாலும் அந்த நிமிஷத்தில் மண்டைக்குள் இறங்க மூன்று நான்கு விநாடி ஆனது. பில்லைப் பிடுங்கிப் பார்த்தால் லிட்டர் 102 ரூபாய் சொச்சம், பத்தொன்பதரை லிட்டர். டீசல் என்றால் இருபத்தொன்றுக்கு மேல் வந்திருக்க வேண்டும்.

அப்போதும் நான் எஞ்சினை அணைக்கவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பில்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி சண்டை போடப் போனேன். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லாரிக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்த நாமக்கல் டிரைவர் ஒருவர், நான் கத்தியதைக் கேட்டுவிட்டு, பஞ்சாயத்தில் கலந்துகொள்ளாமல் நேராக என் காரைப் பார்த்துக் கை காட்டினார். “சார், சண்டை அப்புறம் போடலாம். முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க. சாவிய உருவி பாக்கெட்ல போட்டுக்கங்க.”

நான் போட்டதிலிருந்து அந்த நொடி வரை இரண்டு, இரண்டரை நிமிஷம் எஞ்சின் ஓடியிருக்கும். தவறான எரிபொருள் விஷயத்தில் இந்த இரண்டரை நிமிஷம் இரண்டரையோடு நின்றதுதான் என் அதிர்ஷ்டம். காற்றடிக்க நிற்காமல் நேராக விக்கிரவாண்டி பார்த்து அழுத்தியிருந்தால் கதை வேறு. குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். சிறிது தூரம் போனதும்தான் இழுவை குறையும், எஞ்சின் கடகடவென்று சத்தம் போடும், வெள்ளைப் புகை வரும், விளக்கு எரியும், அப்புறம் நான்குவழிச் சாலையின் நடுவே நிற்கும். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

பங்கு மேலாளர் வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை இருக்கிறதே: “ஒண்ணும் ஆகாது சார். தொட்டியில பாதிதான் பெட்ரோல். மிச்சத்துக்கு ஃபுல்லா டீசல் போட்டுக்கங்க, கலந்து ஓடிரும்.” இதே யோசனையை அன்றைக்கு மட்டும் நான்கு பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா, போனில். சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் அம்பாசடர் டீசல் ஓட்டியவர். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் எருமை மாடு மாதிரி, எதைப் போட்டாலும் மென்றுவிடும். குளிர் நாடுகளில் டீசல் உறைந்துபோகாமல் இருக்க அதில் கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்று அந்தக் காலத்து சில கார்களின் கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். அந்த ஞானம்தான் இன்னும் நம் ஊர் டீக்கடை வரைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் மாறிவிட்டது, யோசனை மாறவில்லை.

லாரி டிரைவர் ஒரே வரியில் சொன்னார்: “டீசல்ங்கறது அந்தப் பம்புக்கு எண்ணெய் சார். பெட்ரோலு தின்னர் மாதிரி, எண்ணெயக் கழுவிரும்.” இதைவிடச் சரியாக ஒரு பொறியாளர்கூடச் சொல்ல முடியாது. இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் ஒரு உயர் அழுத்தப் பம்பு இருக்கிறது. நாம் டயரில் 33 அடிக்கிறோமே, அது இரண்டேகால் பார் அழுத்தம். இந்தப் பம்பு டீசலை 1,000 பாருக்கு மேல், பல வண்டிகளில் 1,600 வரைகூட அழுத்தி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. உள்ளே உலோகமும் உலோகமும் சில மைக்ரான் இடைவெளியில் உரசாமல் ஓடுகின்றன, நம் தலைமுடியே எழுபது மைக்ரான் இருக்கும். அந்த இடைவெளியில் வழவழப்புக்கு என்று தனியாக எஞ்சின் ஆயிலெல்லாம் கிடையாது, ஓடுகிற டீசலேதான் எண்ணெய். அங்கே பெட்ரோல் போனால் வறட்டு உரசல். உரசினால் பொடி உதிரும். அந்தப் பொடி இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் என்ற குழாய்க்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், திரும்பி வரும் குழாய் வழியாகத் தொட்டிக்கே வரும். அதற்கப்புறம் பம்பை மட்டும் மாற்றினால் போதாது, பெட்ரோல் தொட்டு வந்த ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். செலவு லட்சத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

எரிவதிலும் சிக்கல் உண்டு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் தயாரிக்கும்போதே நெருக்கினாலும் தானாகப் பற்றக் கூடாது என்றுதான் பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறார்கள், ஆக்டேன் என்பதே அந்தப் பிடிவாதத்தின் அளவு. அங்கே எது குணமோ, இங்கே அதுவே குற்றம்.

சரி, பங்குக்கு வருகிறேன். என்னை விட்டால் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். “வண்டிக்கு என்ன போடணும்னுகூடக் கேட்கத் தெரியாதா” என்று நான் கேட்க, மேலாளர் “அவ சம்பளத்துல பிடிச்சிர்றேன் சார்” என்று சொல்ல, அது தலையைக் குனிந்துகொண்டு நிற்க, பின்சீட்டிலிருந்து கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கி வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், முட்டி வலி. வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: “டேய், அந்தப் பொண்ணு கேட்டுச்சுடா. பெட்ரோல்தானேண்ணான்னு கேட்டுச்சு. நீதான் தலைய ஆட்டினே.”

அதுவும் உண்மை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் ஏன் பெட்ரோல் என்று நினைத்தது என்பதும் புரிகிறது. என்னுடையது 2017 பிரெஸ்ஸா. 2016 மார்ச்சில் அந்தக் கார் வந்தபோது டீசலில் மட்டும்தான் கிடைத்தது. 2020-இல் பி.எஸ். 6 என்ற வண்டிப் புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, அதே பிரெஸ்ஸா பெட்ரோலில் மட்டும் வரத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது வேலைக்கு வந்த ஒரு பிள்ளை பார்க்கும் பிரெஸ்ஸாவில் பெரும்பாலானவை பெட்ரோல்தான். பின்னால் இசட்.டி.ஐ. என்ற எழுத்து இருக்கிறதே, அதில் டி-யைப் பார்த்து டீசல் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றால், என் வண்டியின் பின்பக்கம் அன்றைக்கு முந்தின நாள் மழைச் சேற்றில் எழுத்தே தெரியாமல் இருந்தது. அப்படியும் அது ஊகித்துப் போடவில்லை, கேட்டுத்தான் போட்டது.

நான் டீசல் வாங்கியதே ஒரு பழைய கணக்கில். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள், டீசலை 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தார்கள். நடுவில் 2012 வாக்கில் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம்கூட இருந்தது. தெருவில் கார் வாங்கிய எல்லாரும் டீசல்தான் வாங்கினார்கள், நான் வாங்கும்போது வித்தியாசம் சுருங்கிவிட்டிருந்தாலும் டீசல்தான் லாபம் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. இப்போது டீசல் கார் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், சாலையில் ஒரே முகத்தோடு இரண்டு விதமாகவும் ஓடும் பழைய வண்டிகள் மட்டும் குறையவில்லை. ஸ்விஃப்ட்டைப் பாருங்கள், முன்னால் நின்று பார்த்தால் எது பெட்ரோல் எது டீசல் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

மேலாளரிடம் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அம்மா இரண்டு தடவை சொன்னாள், சத்தியம் வாங்காத குறை. லாரியின் கிளீனர் பையன் உதவி செய்கிறேன் என்று ஒரு ஹோஸ் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, தொட்டி மூடியைத் திறந்து, வாயால் உறிஞ்சி எடுக்கத் தயாராகிவிட்டான். டிரைவர் அவன் கையிலிருந்து ஹோஸைப் பிடுங்கித் தூரப் போட்டார். இது விளையாட்டில்லை. உறிஞ்சும்போது ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் அது நிமோனியா மாதிரி ஆகிவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது, வரும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும், நேராக ஆஸ்பத்திரிதான். பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம், சுற்றிலும் பெட்ரோல் ஆவி, அதுவும் பங்குக்குள்ளேயே. யோசனை சொல்கிறவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது.

வண்டியை ஓரமாகத் தள்ளினோம். தள்ளுவதிலும் ஒரு கவனம் வேண்டும், சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டு விடுபடும் நிலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் பண்ணத்தான் இல்லையே என்று அடுத்த நிலைக்குத் திருப்பினால், பல கார்களில் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு உடனே வேலை செய்யத் தொடங்கி, கெட்டதை எடுத்து எஞ்சின் பக்கம் அனுப்பிவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஏசி வேணும், கண்ணாடி ஏற்றணும், பாட்டு கேட்கணும் என்று வீட்டில் யாராவது கையை வைத்துவிடுவார்கள். சாவியை உருவிப் பாக்கெட்டில் போடச் சொன்னது அதற்குத்தான்.

இன்சூரன்ஸுக்கு போன் போட்டேன். மோதல், திருட்டு, வெள்ளம் என்றால் சொல்லுங்கள், இது என் பாலிசியில் வராது என்று விட்டார்கள். ஆனால் வருஷா வருஷம் எதற்கு என்று தெரியாமலேயே கட்டிக்கொண்டிருந்த சாலையோர உதவி கூடுதல் பாலிசியில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது இருந்தது. மேடை வண்டியில் ஏற்றி விழுப்புரம் ஒர்க்ஷாப்பில் இறக்கும்போது பதினொன்றரை.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு போட்டீங்க என்பதல்ல, “எவ்வளவு நேரம் ஓடுச்சு?” இரண்டரை நிமிஷம், ஐடிலிங்கில், முப்பது மீட்டர் உருட்டியது என்றேன். “அப்ப பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த “பாக்கலாம்” எனக்கு நான்கு மணி நேரம் நெஞ்சில் கிடந்தது.

அவர்கள் தொட்டியை இறக்கும் நேரத்தில் நான் எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஆச்சரியம், பாதிப் பேரிடம் ஒரு கதை இருக்கிறது. எல்லாரும் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அலுவலக நண்பர் ஒருவர் இன்னோவா ஹைகிராஸ் வைத்திருக்கிறார், அது பெட்ரோல் ஹைபிரிட். இன்னோவா என்றால் டீசல் என்பது நம் ஊர் பங்குகளில் ஏறக்குறைய வேதவாக்கு, கிரிஸ்டா இன்னமும் டீசல்தான். இவருக்கும் கேட்காமலே டீசலைப் போட்டுவிட்டார்கள். ஹைபிரிட் என்பதால் வண்டி பாட்டரியில் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது, இவரும் சந்தோஷமாக வெளியே வந்துவிட்டார், எஞ்சின் விழித்துக்கொள்ளும்போதுதான் திக்கித் திணறிப் புகையைக் கக்கியது. பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் சேதம் பெரும்பாலும் குறைவு. டீசல் கெட்டியானது, ஸ்பார்க்கில் சரியாகப் பற்றாது, பிளக் கரி பிடிக்கும், வண்டி நடுங்கும். தொட்டியைக் கழுவி, பிளக் மாற்றி, பெரும்பாலும் பிழைத்துவிடும். அப்படியும் ஓட்டிக்கொண்டே இருந்தால் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விடும், அது சின்னச் செலவில்லை.

அத்தை பையன் அமெரிக்காவில், ஹூஸ்டனில். குடும்பத்தோடு ஸ்பெயின் போனபோது வாடகைக்கு எடுத்தது பெட்ரோல் கார். அங்கே நம் ஊர் மாதிரி ஆள் கிடையாது, நாமேதான் பிடிக்க வேண்டும். பங்கில் கசோலியோ என்று ஒரு குழாய், கசோலினா என்று ஒரு குழாய். அமெரிக்காவில் பெட்ரோலைக் கேஸ் என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. கசோலியோ டீசல். பிரான்ஸிலும் இதே கதைதான், அங்கே கசோயில் என்றால் டீசல். அவனைக் காப்பாற்றியது குழாயின் வாய். ஐரோப்பாவில் டீசல் நாசில் சுமார் 25 மில்லிமீட்டர், பெட்ரோல் நாசில் 21. தடித்த டீசல் நாசில் பெட்ரோல் காரின் கழுத்துக்குள் போகாது. இவன் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எழுத்தைப் படித்திருக்கிறான். ஆனால் பாருங்கள், இந்தக் காவல் ஒரு பக்கத்துக்குத்தான். மெலிந்த பெட்ரோல் நாசில் டீசல் வண்டிக்குள் சுகமாகப் போகும், பெரிய சேதம் எந்தப் பக்கமோ அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. நிறத்தையும் நம்ப முடியாது. பிரிட்டனில் பச்சைப் பிடி என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல். லண்டன் அண்ணனும் ஹூஸ்டன் தம்பியும் கார் மாற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன், எனக்கு அன்றைக்குச் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

இன்னொரு ஆபத்தை அந்த மெக்கானிக்கே சொன்னார். புதிய டீசல் எஸ்.யூ.வி.க்கள் சிலவற்றில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று இருக்கும். அது டி.இ.எஃப். என்ற திரவத்துக்கு, புகையைச் சுத்தப்படுத்துவதற்காக. அதில் 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தத் தண்ணீர். அவசரத்தில் அதை எடுத்து டீசல் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்களாம், ஏதோ டீசல் அடிட்டிவ் என்று நினைத்து. யூரியா உப்பு மாதிரி உறைந்து குழாயெல்லாம் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே அரிக்கும். “பெட்ரோலாவது பரவாயில்ல சார், அது எரியவாச்சும் செய்யும்” என்றார்.

ஒர்க்ஷாப்புக்கு எதிரே நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்று போய், மஞ்சளில் கறுப்பு எழுத்தில் “டீசல்” என்று இரண்டு வெட்டச் சொன்னேன். ஒன்று தொட்டி மூடியின் உள்பக்கத்துக்கு. தயாரித்தவர்களே அங்கே சின்னதாக ஒட்டித்தான் அனுப்புகிறார்கள், எட்டு வருஷ வெயிலில் என்னுடையது வெளுத்துவிட்டது. இன்னொன்று மூடியின் வெளிப்பக்கத்துக்கு. காரின் அழகு போய்விடும் என்றாள் மனைவி. போகட்டும். கடைக்காரர் நாற்பது ரூபாய் வாங்கினார், அந்த நாளில் நான் செய்த ஒரே லாபகரமான செலவு.

ஸ்டிக்கர் உதவிக்குத்தான். அதற்கு மேல் நான் மாற்றிக்கொண்டது, பங்கில் வண்டியை விட்டு இறங்குவது. இறங்கினால் போன் பேச முடியாது, கூடாது. நாசில் நம் கண் எதிரே உள்ளே போகும், எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று தெரியும். “ஃபுல் பண்ணுங்க” என்றோ “ரெண்டாயிரத்துக்கு” என்றோ தொடங்குவதில்லை. முதல் வார்த்தையே “டீசல்”, அப்புறம்தான் தொகை. போடுகிறவர் திருப்பிச் சொல்லும் வரை நிற்கிறேன். ஜீரோவைப் பார்க்கும்போது அதே திரையில் இருக்கும் லிட்டர் விலையையும் பார்க்கிறேன். எங்கள் பக்கம் பெட்ரோல் 100-க்கு மேலே, டீசல் 90 சொச்சம், அந்த முதல் இலக்கங்களே போதும். பில்லைப் படிக்காமல் ஸ்டார்ட் செய்வதில்லை. வண்டியை ஆக்டிங் டிரைவரிடம் கொடுத்தால், நண்பன் இரவல் கேட்டால், சாவி கொடுக்கும்போதே டீசல் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு பெட்ரோல் வண்டியும் ஒரு டீசல் வண்டியும் இருப்பவர்கள், பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிது எடுத்த முதல் ஆறு மாசத்தில் இருப்பவர்கள், இவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியவர்கள். அறிவு புதிய வண்டியில் இருக்கும், வாய் பழைய வண்டியில் இருக்கும்.

மூன்றரை மணிக்கு மெக்கானிக் கூப்பிட்டார். தொட்டியைக் காலி செய்து, கழுவி, குழாய்களை ஊதி முடித்திருந்தார்கள். பழைய ஃபில்டரைக் கழற்றி வைத்திருந்தார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, யாரோ சாப்பிட்ட தட்டுதான், நன்றாகத் துடைத்து, அதில் ஃபில்டரில் இருந்ததைக் கவிழ்த்தார். டீ டிக்காஷனில் தண்ணீர் சேர்த்த மாதிரி ஒரு நிறம், மூக்கைத் துளைக்கும் வாசனை. தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய், சாய்த்து, மெதுவாகச் சுழற்றினார். “மினுக்குதான்னு பாருங்க” என்றார். வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கினால் பம்பு உரச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நானும் மனைவியும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தோம். காலையில் ஜீரோவை அப்படிப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது பார்வையே இல்லை, இதுதான் பார்வை. கொஞ்சம் கறுப்புத் தூசி இருந்தது, ஓரத்தில் ஒரு சின்ன நூல். அவர் விரலால் தேய்த்து, விரலை வெயிலில் காட்டி, டார்ச் அடித்தும் பார்த்தார். மினுக்கவில்லை.

புது ஃபில்டர் போட்டு, பத்து லிட்டர் டீசல் ஊற்றி, லைனில் இருந்த காற்றை எடுத்து ஸ்டார்ட் பண்ணினார். முதல் இரண்டு தடவை பிடிக்கவில்லை, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்றாவது தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஓடவிட்டு, சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, சரி என்றார். எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். எடுத்த பெட்ரோல் டீசல் கலவையை பைக்குக்கு ஆகுமா என்று கேட்டேன், இருபத்தைந்து லிட்டருக்கு மேல் இருக்கிறதே என்ற ஆசை. கிரீஸ் பிடித்த சாமான் கழுவத்தான் ஆகும், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். மனைவி நோட்டில் எம்.எஸ். 2,000 என்று காலையில் எழுதியதை அடிக்காமல், கீழே வரிசையாக மற்றதை எழுதினாள்.

அம்மா ஏறி உட்கார்ந்து, கும்பகோணத்துக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று மூன்றாம் தடவையாகக் கேட்டாள். நான் பின்னால் பார்த்து வண்டியை எடுக்கும்போது மெக்கானிக் முன்பக்கம் வந்து பானெட்டைத் தட்டி நிறுத்தினார். எனக்குத் திக்கென்றது.

“சார், முன் டயர் ரெண்டுலயும் காத்து கம்மியா இருக்கு. பாக்காமயா வந்தீங்க?”